கல்தேரைத் தாண்டி: ஹம்பியைப் படமெடுக்க ஒரு வழிகாட்டி

ஹம்பிக்குப் போகிறவர்களில் பலர் கல்தேர் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். 50 ரூபாய் நோட்டில் இருக்கும் தேர், எடுக்கத்தான் வேண்டும். ஆனால் 1565இல் தலைக்கோட்டைப் போரில் தோற்றபின் கைவிடப்பட்ட இந்த விஜயநகரம் ஒரு முழு ஊர். கடைவீதியும் வாய்க்காலும் குளமும் படத்துக்குள் வந்தால்தான் அந்த ஊர் கண்ணுக்குத் தெரியும்.

வேலை வீட்டிலேயே, பழைய படங்களைப் பார்ப்பதில் தொடங்குகிறது. மதராஸ் படை அதிகாரி அலெக்சாண்டர் கிரீன்லா 1856இல் மெழுகு பூசிய காகித நெகட்டிவ்களில் இந்த இடிபாடுகளைப் படமெடுத்தார். அவர் படத்தில் கல்தேரின் தலையில் செங்கல் கோபுரம் ஒன்று நிற்கிறது. இப்போது அது இல்லை. 1980களில் ஆஸ்திரேலியரான ஜான் காலிங்ஸ் அதே இடங்களுக்குப் போய் மறுபடி எடுத்தார். கிரீன்லா எங்கே நின்றிருப்பார் என்று தேடிக் கண்டுபிடித்து அங்கிருந்து எடுத்துப் பார்ப்பது அருமையான பயிற்சி.

முதல் நாள், விடியுமுன்பே மதங்க மலை. டார்ச்சும் வழுக்காத செருப்பும் அவசியம். உச்சியிலிருந்து பார்த்தால் அச்சுதராயர் கோயிலும் அதன் முன் நீளும் கடைவீதியும் ஒரே ஃபிரேமில் அடங்கும். வெயில் தாழ்வாக இருக்கும்போதுதான் தூண்களின் நிழல் நீண்டு வீதியின் கோட்டைக் காட்டிக்கொடுக்கும். பாறைகள் வெளிறியவை என்பதால் போனில் பிரகாசமான பகுதியைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்வது நல்லது.

உச்சி வெயிலில் யானைக் கொட்டிலுக்குப் போகலாம். வரிசையாக 11 அறைகள். வாசலில் யாராவது நடந்து வரும்வரை காத்திருந்தால் அவற்றின் உயரம் புரியும்.

சாயங்காலத்தை அரச வளாகத்தின் படிக்கிணற்றுக்கு ஒதுக்க வேண்டும். மண்ணுக்குள் மூடிக்கிடந்த இதை 1980களில்தான் தோண்டியெடுத்தார்கள். ஒவ்வொரு கல்லும் எந்தத் திசையில், எந்த வரிசையில் உட்கார வேண்டும் என்று கொத்தர்கள் பொறித்த குறிகள் கல்லிலேயே இருக்கின்றன. சாய்ந்த வெளிச்சம் பட்டால் அவை துலங்கும். இறங்காமல் மேலிருந்தே சூமில் எடுக்கலாம். பக்கத்தில் தூண்கள் தாங்கி நிற்கும் கல் நீர்ப்பாதையை விட்டுவிடக் கூடாது; தண்ணீர் வந்த வழி அதுதான்.

முக்காலிக்கும் ட்ரோனுக்கும் முன்அனுமதி வேண்டும். இருண்ட மண்டபங்களில் தரையில் உட்கார்ந்து முழங்காலில் முழங்கையை ஊன்றி, ஐஎஸ்ஓவைக் கூட்டினால் போதும். சிற்பத் தூண்களில் சாயக் கூடாது.

விருபாட்சர் கோயிலில் இன்றும் பூசை நடக்கிறது, ஆகவே கேட்டுவிட்டே எடுக்க வேண்டும். கருவறைக்குப் பின்னுள்ள இருட்டறையில், சின்னத் துளை வழியே ராஜகோபுரம் சுவரில் தலைகீழாக விழுகிறது. கட்டடமே கேமராவாக வேலை செய்யும் இடம்! அங்கே ஃபிளாஷ் போட்டால் பிம்பம் மறைந்துவிடும்.

அடுத்த நாளுக்கு வாடகை சைக்கிள். விஜயநகரக் காலத்து வாய்க்கால்கள் சில இன்னும் வாழைத் தோப்புகளுக்குத் தண்ணீர் தருகின்றன. இடிந்த மண்டபமும் பச்சை வாழையும் சேர்ந்து வரும் கோணங்கள் வழியெங்கும் கிடைக்கும்.

எடுத்த இடத்தின் பெயரை அன்றிரவே குறித்துவைக்க வேண்டும். ஊர் திரும்பியபின் எல்லா மண்டபங்களும் ஒன்றுபோலவே தெரியும்.