முன்னுரையில் வினாவின் விடை

ஜார்ஜ்டவுன், லெபோ பினாங்கில் செட்டியார்களின் பழைய கிட்டங்கிகளை இன்றும் காணலாம். அத்தகைய வட்டிக்கடைச் சூழலில் பினாங்கைக் களமாகக் கொண்டு எழுந்ததே ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ (1959) நாவல்.

‘போர், செல்லையாவின் வாழ்வை எவ்வாறு மாற்றியது?’ என்ற வினாவுக்கு ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி கட்டுரை எழுதினாள். ‘சிங்காரம் 1920-இல் சிங்கம்புணரியில் பிறந்தார்’ என்று முன்னுரை தொடங்கியது. கலைமகள் பரிசும் இடம்பெற்றது. செய்திகளில் பிழையில்லை. ஆனால், ‘போர்’ என்ற சொல் ஆறு வரிகளில் ஓரிடத்திலும் இல்லை. அந்நாவல் குறித்த எந்த வினாவுக்கும் அதே முன்னுரை பொருந்திவிடும்!

அவள் தாளைத் திருப்பினாள். முதலில் விடையை ஒரே வரியில் எழுதினாள்: போர் தந்த துணிவே செல்லையாவின் காதலுக்குத் தடையாயிற்று. அதற்குச் சான்றாக இரு நிகழ்வுகளைக் குறித்தாள். கருத்துப் பத்திகளை எழுதி முடித்த பின்னரே முன்னுரைக்கு வந்தாள்.

‘வட்டிக்கடையில் வேலை பார்த்த செல்லையா, இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து திரும்புகிறான். துப்பாக்கி பிடித்தவன் இனிப் பேரேட்டுக்கு ஆகமாட்டான் எனக் கருதும் முதலாளி வானாயீனா, மகள் மரகதத்தை அவனுக்கு மணமுடிக்க மறுக்கிறார். போர் தந்த துணிவே காதலைப் பறிக்கும் முரணை இக்கட்டுரை ஆராய்கிறது.’

“நூலும் ஆசிரியரும் எங்கே?” என்று தோழி கேட்டாள். நியாயமான கேள்விதான். முதல் வாக்கியத்தின் முன்னால் ‘ப. சிங்காரத்தின் கடலுக்கு அப்பால் நாவலில்’ என்று சேர்த்துக்கொண்டாள். சிங்கம்புணரிக்கு மட்டும் இடமில்லை.