சால்வை ஏன் குழைந்து விழுகிறது?

மார்கழி விடியலில் வேங்கிக்கால் ஏரிக்கரையில் நிற்க ஒரு சால்வை வேண்டும். அதை நீங்களே பின்னலாம்.

அதே மாவட்டத்து ஆரணியில் நெய்யும் பட்டைப் பாருங்கள். பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக இறுகி நிற்கின்றன. பின்னலிலோ ஒரே நூல் கண்ணி கண்ணியாகக் கோத்துக்கொள்கிறது. (திருப்பூர் பனியனை இழுத்துப் பாருங்கள், புரியும்.) கண்ணி வளைந்து கொடுப்பதால்தான் துணி நீள்கிறது, தோளில் குழைகிறது. கண்ணி பெரிதானால் குழைவும் கூடும். ஆகவே மெல்லிய கம்பளி நூலுக்குச் சற்றே தடித்த, 5 மி.மீ. ஊசியை எடுங்கள்.

3 கண்ணிகளில் தொடங்குங்கள். ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியை முன்னும் பின்னுமாக இருமுறை பின்னி இரண்டாக்குங்கள். மற்றவை எல்லாம் நேர்ப்பின்னலே. முக்கோணம் தானாக விரியும்.

நூல் போதுமா? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். முக்கோணத்தின் பரப்பு அகலத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப வளர்கிறது அல்லவா? 100 கிராம் நூலில் 50 கிராம் தீரும்போதே அகலம் ஏறத்தாழ 71 சதவீதம் வந்துவிடும். மீதி 29 சதவீதம்தான் மற்றப் பாதி நூலையும் தின்னும்! அவ்வப்போது உருண்டையைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். அகலத்தைப்போல் நான்கு மடங்கு நூல் மிஞ்சும்போதே கண்ணிகளை மூடத் தொடங்குங்கள். தளர்வாக மூடுங்கள், இறுக்கினால் அந்த ஓரம் மட்டும் விறைத்து நிற்கும்.