தமிழில் ஒரு நிரல்: கடைக்காரருக்கு முதற் பாடம்

பண்டத்தரிப்பு, சங்கானை போன்ற சிறு பட்டினங்களிலும் இன்று பில் போடக் கணனி வந்துவிட்டது. அது எப்படிக் கணக்குப் பார்க்கிறது என்று கேட்டால், மென்பொருள் விற்றவரைத்தான் கை காட்டுகிறோம். 2022 ஜூனில் வற் வரி நூற்றுக்கு 8 இலிருந்து 12 ஆனது. அதே ஆண்டு செப்டெம்பரில் 15. 2024 ஜனவரியில் 18. ஒவ்வொரு தடவையும் அந்த ஓர் எண்ணை மாற்ற ஆள் வரும்வரை காத்திருந்தால் நட்டம் யாருக்கு?

நிரல் என்பது பெரிய வித்தை அல்ல. கடைக்குப் புதிதாக வந்த பையனுக்கு எழுதிக் கொடுக்கும் வேலைத் துண்டு போன்றது. பையனாவது சந்தேகம் வந்தால் கேட்பான். கணனி கேட்காது, எழுதியதை எழுதியபடியே செய்யும்.

ஆங்கிலம் வேண்டுமே என்று ஒதுங்க வேண்டாம். அமெரிக்காவில் வாழும் பொறியியலாளர் முத்து அண்ணாமலை 'எழில்' என்ற நிரல் மொழியை உருவாக்கி, 2009 இல் அதைப் பற்றிக் கட்டுரையும் வெளியிட்டார். கட்டளைச் சொற்கள் எல்லாம் தமிழ். காசும் கொடுக்கத் தேவையில்லை. தமிழில் இதெல்லாம் சரிவருமா என்பவர்களுக்கு ஒரு சொல்: 1820 இல் ஸ்கடர் வைத்தியர் வந்திறங்கிய ஊர் பண்டத்தரிப்பு. அவருக்குப் பின் வந்த கிறீன் வைத்தியர் பக்கத்து மானிப்பாயில் மேலைநாட்டு மருத்துவத்தையே தமிழில் படிப்பித்தார்.

எழில், பைதன் என்ற இன்னொரு மொழியின் மேல் ஓடுவது. ஆகவே முதலில் பைதனின் இணையத்தளத்தில் இருந்து அதைத் தரவிறக்கி நிறுவுங்கள். விண்டோஸ் என்றால், நிறுவும் முதற் திரையில் 'பாத்' என்ற சொல்லோடு ஒரு சிறு கட்டம் இருக்கும். அதில் சரி அடையாளம் போட மறக்க வேண்டாம். பிறகு கட்டளைத் திரையில் 'பிப் இன்ஸ்டால் எழில்' என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் எழில் வந்து சேரும். மிகப் புதிய பைதனில் ஓட மறுத்தால் சற்றுப் பழைய பதிப்பைப் போட்டுப் பாருங்கள்.

நம்மவர்கள் இடறக்கூடிய இடம் தட்டச்சு. பாமினி எழுத்துருவில் அடித்தால் கண்ணுக்குத் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. எழிலுக்கு அது விளங்காது. யுனிகோட்டில்தான் அடிக்க வேண்டும். இ-கலப்பை போன்ற மென்பொருளைப் போட்டால், கை பழகிய பாமினி விசை அமைப்பிலேயே யுனிகோட் அடிக்கலாம்.

இப்போது முதல் நிரல்:

வீதம் = 18
விலை = 2500
வரித்தொகை = விலை * வீதம் / 100
மொத்தம் = விலை + வரித்தொகை
பதிப்பி "தர வேண்டியது", மொத்தம்

உடு குறி பெருக்கல், சாய்ந்த கோடு வகுத்தல். 'பதிப்பி' என்றால் திரையில் காட்டு. இதை ஓடவிட்டால் 2950 என்று விடை வரும். வீதத்தை 15 ஆக்கினால் 2875. மற்ற வரிகளில் கை வைக்கத் தேவையில்லை. வீதம் ஒரே இடத்தில் இருப்பதால்தான் இந்த வசதி. உங்கள் பில் மென்பொருளில் அந்த இடம் எது, அதை நீங்களே மாற்ற முடியுமா என்று வாங்குமுன் கேளுங்கள். (வற் பதிவு இல்லாத கடைகள் வற் அறவிடக் கூடாது. அவர்கள் இதையே கழிவுக் கணக்குக்கு மாற்றிப் பழகலாம்.)

அடுத்தது கடன் கொப்பி:

நிலுவை = 25000
@( நிலுவை > 25000 ) ஆனால்
பதிப்பி "பழைய கடனைக் கேள்"
இல்லை
பதிப்பி "சாமான் கொடு"
முடி

இங்கே 'ஆனால்' என்பது 'அப்படியானால்' என்ற பொருளில் வருகிறது. நிபந்தனை முன்னே, 'ஆனால்' பின்னே. நாம் பேசும் ஒழுங்கும் அதுதானே.

இதை ஓடவிட்டால் என்ன வரும்? 'சாமான் கொடு' என்றுதான் வரும். 25,000க்கு 'மேல்' என்றுதான் கேட்டோம், சரியாக 25,000 நிற்பவர் அதில் அகப்படமாட்டார். அவரையும் நிறுத்த வேண்டுமானால் > குறிக்குப் பக்கத்தில் ஒரு சமன் குறியும் சேர்த்து >= என்று எழுத வேண்டும். எது உங்கள் கடை வழக்கம் என்பது மென்பொருள் எழுதுகிறவருக்குத் தெரியாது. அவர் தன் எண்ணத்துக்கு ஒன்றைப் போட்டுவிட்டுப் போவார், கல்லாவில் இருக்கும் பையன் திரை சொன்னபடி செய்வான்.