வெள்ளைக்குள் மறைந்த வண்ணம்

உரைநடை

பெங்களூருச் சாலைகளில் கூண்டு வண்டிகள் ஏற்றிச் செல்லும் இறைச்சிக் கோழிகள் பெரும்பாலும் வெண்ணிறமானவை. அந்நகரின் ஹெப்பால் பகுதியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் உருவாக்கப்பட்ட ‘கிரிராஜா’ கோழியோ பல நிற இறகுகளை உடையது. கிரிராஜா என்பதற்கு மலையரசன் என்பது பொருள்.

இந்நிற வேறுபாட்டிற்குக் காரணம் உண்டு. கோழியின் இறகைப் பறித்த பின்பும் தோலில் இறகுக் குருத்துகள் சில எஞ்சி நிற்கும். அவை கறுப்பாயின் கறைபோல் தோன்றும். வெள்ளையாயின் கண்ணுக்குத் தெரியா. ஆதலால் பெரும்பண்ணைகள் வெண்மையை விரும்புகின்றன. சிற்றூரின் புறக்கடையில் மேயும் கோழியைப் பருந்தும் கீரியும் நோட்டமிடும். மண்ணோடும் புதரோடும் ஒன்றித் தோன்றும் நிறமே அதற்குக் காப்பு. அக்கோழியை நம்பி வாழும் குடும்பத்திற்கு ஒவ்வோர் இழப்பும் பெரிது.

வெண்மை எல்லாம் ஒரே வகையானதன்று. வெள்ளை லெகார்ன் கோழியிடம் நிறம் உண்டாக்கும் மரபணு இருக்கிறது. வேறொரு தடுப்பு மரபணு அந்நிறம் வெளிப்படாமல் அடக்குகிறது. பெற்றோருள் ஒருவரிடமிருந்து அத்தடுப்பு மரபணு வந்தாலே குஞ்சு வெள்ளையாகும். இஃது ஓங்குபண்பு வெண்மை. வேறு சில கோழிகளில் தடை ஏதுமில்லை. ஆனால், நிறமியை ஆக்கும் நொதிக்குரிய மரபணு பழுதுற்றிருக்கும். பழுதுற்ற மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் குஞ்சு வெள்ளையாகும். இஃது ஒடுங்குபண்பு வெண்மை.

மெண்டல் பட்டாணிச் செடியில் கண்ட விதிகள் விலங்குகளுக்கும் பொருந்தும் என்பதை ஆங்கிலேய அறிஞர் வில்லியம் பேட்சன் 1902ஆம் ஆண்டு கோழிகளைக் கொண்டு காட்டினார். அவ்விதிகளின்படி இருவகை வெள்ளைக் கோழிகளையும் கலந்தால், முதல் தலைமுறை முழுதும் வெள்ளையாகவே பிறக்கும். சிலவற்றில் கரும்புள்ளிகள் தோன்றலாம். அவற்றைத் தம்முள் சேர்த்தால் வியப்பு விளையும். தடுப்பு மரபணு இன்றிப் பிறக்கும் வாய்ப்பு 4இல் 1. நிறம் உண்டாக்கும் மரபணுவை ஒன்றேனும் பெறும் வாய்ப்பு 4இல் 3. இரண்டும் ஒருங்கே அமையும் வாய்ப்பு 16இல் 3. பாட்டன், பாட்டி, தாய், தந்தை அனைவரும் வெள்ளையாயினும் பேரக்குஞ்சுகள் சில வண்ணம் பெறுகின்றன!

இதன் மறுதலையும் நிகழ்வதுண்டு. வண்ணக் கோழிகளுக்கு வெள்ளைக் குஞ்சு பிறந்தால், வாங்கியவர் விற்றவரை ஐயுறுவார். அயல்வீட்டுச் சேவல்மீதும் பழி விழும். குற்றம் எவரிடமும் இல்லாதிருக்கலாம். தாயும் தந்தையும் ஒடுங்குபண்பை மறைவாகச் சுமந்திருப்பின், பிறக்கும் குஞ்சுகளில் சராசரியாக 4இல் 1 வெள்ளையாகும்.

ஓங்குபண்பு வெண்மையை மந்தையிலிருந்து நீக்குதல் எளிது; வெள்ளைக் கோழிகளை விலக்கினால் போதும். ஒடுங்குபண்போ வண்ண இறகுக்குள் ஒளிந்து தலைமுறைகளைக் கடக்கும். அதனைக் கண்டறிய, வண்ணச் சேவலை ஒடுங்குபண்பு வெள்ளைப் பெட்டைகளோடு சேர்ப்பர். ஒரு குஞ்சேனும் வெள்ளிறகு பெற்றால் அச்சேவல் அப்பண்பைச் சுமப்பது உறுதி. பல குஞ்சுகள் பிறந்தும் அனைத்தும் வண்ணமாயின் அது தூயது எனக் கொள்வர். இறகை மட்டும் கண்டு முடிவு செய்யாமல், வழித்தோன்றல்களையும் நோக்கி அறிவதே இனப்பெருக்குநரின் திறம்.

சொற்பொருள்

புறக்கடை – வீட்டின் பின்புறம்
மறுதலை – எதிரானது
ஐயுறுதல் – சந்தேகப்படுதல்
நொதி – உடலில் வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் பொருள்
வழித்தோன்றல் – பின்வரும் தலைமுறை

பயிற்சி

1. பிரித்து எழுதுக: வெண்ணிறம், மலையரசன், கரும்புள்ளி.
2. எதிர்ச்சொல் தருக: ஓங்கு, எளிது, தூயது.
3. பெரும்பண்ணை வெண்மையை விரும்புவதும் சிற்றூர் வண்ணத்தை விரும்புவதும் ஏன்?
4. இருவகை வெள்ளைக் கோழிகளைக் கலந்து பெற்ற முதல் தலைமுறையைத் தம்முள் சேர்த்ததில் 32 குஞ்சுகள் பிறந்தன. வண்ணக் குஞ்சுகள் எத்தனை எதிர்பார்க்கலாம்?
5. வெள்ளைக் குஞ்சு பிறந்ததால் கோழி விற்றவரை ஐயுறும் ஒருவருக்கு விளக்கம் கூறுவதுபோல் ஐந்து தொடர்கள் எழுதுக.