நெய்யைச் சோதிக்கும் நல்லெண்ணெய்

மாணவர்களே! நெய்யில் சிறிது வனஸ்பதியைக் கலந்துவிட்டால் கண்ணும் நாக்கும் ஏமாந்துபோகும். ஆனால் நம் வீட்டு நல்லெண்ணெய் அதைக் காட்டிக்கொடுக்கும். எப்படி என்று பார்ப்போமா?

1955ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடுப்பு விதிகளின்படி, வனஸ்பதியில் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டியிருந்தது. இது கலப்படத்தைக் கண்டுபிடிப்பதற்காகவே செய்த ஏற்பாடு.

நல்லெண்ணெயில் உள்ள செசமோலின் என்ற பொருள் அமிலத்தில் சிதைந்து செசமால் ஆகும். அது ஃபர்ஃபூராலுடன் வினைபுரிந்து சிவப்பு நிறம் தரும். உருக்கிய நெய் 5 மி.லி., அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 5 மி.லி., இவற்றுடன் சில துளி ஃபர்ஃபூரால் கரைசலைச் சேர்த்து இரண்டு நிமிடம் குலுக்க வேண்டும். அடியில் பிரியும் அமில அடுக்கு சிவந்து, நீர் சேர்த்துக் குலுக்கிய பின்னும் நிறம் நிலைத்தால் நல்லெண்ணெய் இருக்கிறது என்று பொருள். இதுவே பௌடோயின் சோதனை. (அமிலம் ஆபத்தானது, ஆசிரியர் இல்லாமல் செய்யாதீர்கள்.)

நிறம் வராவிட்டால் நெய் தூயதா? அப்படிச் சொல்ல முடியாது. பாமாயில் மட்டும் கலந்திருந்தால் இச்சோதனை காட்டாது. அப்போது ரைகர்ட்-மைஸ்ஸல் எண் உதவும். 5 கிராம் கொழுப்பிலிருந்து ஆவியாகி வந்து நீரில் கரையும் அமிலங்களை நடுநிலையாக்க எத்தனை மி.லி. 0.1 நார்மல் காரம் தேவை என்பதே அந்த எண். பியூட்டிரிக் அமிலம் உள்ள நெய்க்கு அது பொதுவாக 20-க்கு மேல். தேங்காய் எண்ணெய்க்கு 6 முதல் 8 வரைதான்.

ஆயினும் பருத்திக்கொட்டை தின்ற மாட்டின் தூய நெய்யிலும் இவ்வெண் குறையும். ஸ்ரீபெரும்புதூர்க் கடையில் எடுத்த மாதிரியானாலும், கிண்டியிலுள்ள அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடத்தில் ஒரே எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்லலாகாது. சொன்னால் கலப்படக்காரர் தப்பலாம். நேர்மையான பால்காரர் குற்றவாளி ஆகலாம்!