டிவோலியில் ஒரு நாள்: குழந்தைகளோடு செல்வோருக்கு

டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில், மத்திய ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது டிவோலி பூங்கா. கியோர்க் கார்ஸ்டென்சன் என்பவர் மன்னரிடம் அனுமதி பெற்று, அன்றைய நகர மதிலுக்கு வெளியே 1843 ஆகஸ்ட் 15 அன்று இதைத் திறந்தார். பழைய கோட்டை அகழியின் ஒரு பகுதிதான் உள்ளே இருக்கும் ஏரி. வேகமான புது விளையாட்டுகளும் இங்கே உண்டு என்றாலும், அவை வேறு ஊர்களிலும் கிடைக்கும். சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் பழையவற்றை வைத்தே நாளைத் திட்டமிடுவது நல்லது.

முதலில் மாதத்தை முடிவு செய்ய வேண்டும். ஆண்டு முழுவதும் பூங்கா திறந்திருக்காது. கோடை, ஹாலோவீன், கிறிஸ்துமஸ் என்று பருவம் பருவமாகத் திறக்கிறார்கள். டிவோலிக்கு அழகே விளக்குகள்தான். ஜூன் மாதத்தில் கோபன்ஹேகனில் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிவிடும். அதற்குள் குழந்தை தோளில் சாய்ந்து தூங்கியிருக்கும். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் எட்டு மணியை ஒட்டி இருட்டிவிடும். பள்ளிகளும் திறந்திருப்பதால் வார நாள்களில் நெரிசல் குறைவு. டிசம்பரில் மாலை நாலு மணிக்கு முன்பே இருட்டும், ஆனால் குளிரைத் தாங்க வேண்டும். கோடை வெள்ளிக்கிழமை மாலைகளில் ராக் இசைக் கச்சேரி நடக்கும். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் அன்று போகாமல் இருப்பதே மேல்.

அடுத்தது டிக்கெட். நுழைவுக் கட்டணம் தனி, ராட்டினங்களுக்கான கட்டணம் தனி. நுழைவுச் சீட்டு மட்டும் இருந்தாலே தோட்டம், ஏரி, மேடை நிகழ்ச்சிகள் பலவற்றைப் பார்க்கலாம். ஆகவே தாத்தா, பாட்டி உட்பட எல்லோருக்கும் ‘எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம்’ என்ற பாஸை வாங்குவது வீண் செலவு. வீட்டிலேயே பிள்ளையின் உயரத்தை அளந்து, எதெதில் ஏறலாம் என்று பூங்காவின் இணையதளத்தில் பார்த்துவிட வேண்டும். உடன் ஏறப்போகும் பெரியவர் யார் என்பதையும் அப்போதே தீர்மானித்துவிடலாம். இரண்டு மூன்றில்தான் ஏற முடியும் என்றால் தனித்தனிச் சீட்டே போதும். வாசலில் போய் நின்று, உயரம் போதாமல் பிள்ளை அழுவதும் இதனால் தவிரும்.

பிற்பகலில் உள்ளே போய், வரிசை நீளும் முன் ரூட்ஷபானனை முடித்துவிடுவது நல்லது. 1914இல் கட்டப்பட்ட மர ரோலர் கோஸ்டர் இது. இன்றும் ஓடும் மிகப் பழைய ரோலர் கோஸ்டர்களில் ஒன்று. இதில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது கணினி அல்ல. ஒவ்வொரு வண்டியிலும் பயணிகளோடு ஓர் ஊழியரும் ஏறிக்கொள்கிறார். இறக்கத்தில் விடுவதும் வளைவுக்கு முன் பிரேக் பிடிப்பதும் அவர் கைவேலை. பிள்ளைகளை அவர் இருக்கும் பக்கம் பார்க்கச் சொன்னால், பிரேக் பிடியை இழுப்பதையே ஒரு வேடிக்கையாகப் பார்ப்பார்கள்.

இதற்கு உயரம் போதாத குழந்தைகளுக்கு ராட்சத ராட்டினம் இருக்கிறது. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்; 1943இல் நூற்றாண்டை ஒட்டி அமைத்த இது சிறியதுதான், இருக்கைகள் வெப்பக்காற்று பலூன் வடிவில் இருக்கும். டேனிஷ் எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனின் கதைக் காட்சிகளுக்கு நடுவே பெட்டியில் உட்கார்ந்து போகும் ‘பறக்கும் பெட்டி’ நாலைந்து வயதுக்கு ஏற்றது. ஆண்டர்சன், பூங்கா திறந்த ஆண்டிலேயே இங்கு வந்து போனவர்.

கால் வலிக்கத் தொடங்கும் நேரத்தில் பாண்டமைம் அரங்குக்குப் போகலாம். நிகழ்ச்சி நேரத்தை அன்று காலையே பார்த்துக்கொள்வது அவசியம். 1874இல் கட்டிய இந்த அரங்கில் திரைக்குப் பதில் ஒரு பெரிய மயில் நிற்கிறது. அதன் விரிந்த தோகை மடங்கி விலகியதும் மேடை தெரியும். வாய்பேசாமல் நடிக்கும் நாடகம் என்பதால் டேனிஷ் தெரியாத குழந்தையும் சிரிக்கும். பார்வையாளர்கள் திறந்த வெளியில்தான் இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு முன்னால் இடம் வேண்டுமென்றால் கால் மணி நேரம் முன்பே போய்விட வேண்டும்.

உள்ளே சாப்பாடு விலை அதிகம், சைவத்துக்குத் தேர்வும் குறைவு. புளியோதரையோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போனால் பூங்காவுக்குள்ளேயே திறந்த வெளியில் உள்ள மேசைகளில் உட்கார்ந்து சாப்பிடலாம். பஞ்சு மிட்டாயை மட்டும் அங்கே வாங்கிக்கொள்ளலாம். எங்கும் கார்டிலேயே பணம் கொடுக்கலாம். ஜூலையிலும் மாலைக் காற்று சில்லென்று இருக்கும், மழையும் சொல்லாமல் வரும். பைக்குள் ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் இருக்கட்டும்.

இருட்டும் நேரத்தில் ஏரிக்கரையில் இருப்பதுபோல் பார்த்துக்கொண்டு, ஒரு சுற்று நடந்துவிட்டுக் கிளம்பலாம். பெர்ன்ஸ்டார்ஃப்ஸ்கேட் தெருப் பக்க வாசல் வழியாக வெளியே வந்தால் எதிரில் ரயில் நிலையம். தள்ளுவண்டியோடு வருபவர்களுக்கு அந்த வாசல்தான் வசதி. பசி தீராதவர்களுக்கு 2017இல் திறந்த டிவோலி ஃபுட் ஹாலும் அதே தெருவில் இருக்கிறது.