மண்ணகத்து வழிகள்

நுழையும்முன்

நாம் அணியும் பொன்னும் எரிக்கும் நிலக்கரியும் மண்ணகத்திலிருந்து வந்தவை. அவற்றை வெளிக்கொணர்வது பொறியியல் அறிவு. அதற்கு விலையாக அமைந்தது மனித உழைப்பு. இவ்விரண்டையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இருவகைச் சுரங்கங்கள்

புதுச்சேரிக்குத் தென்மேற்கே அமைந்த நெய்வேலியில் 1956ஆம் ஆண்டு பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பெற்றது. அங்கு நிலக்கரி, மேற்பரப்பிற்கு அருகில் அகன்ற படுகையாகப் பரவிக் கிடக்கிறது. எனவே, மேல்மண்ணை அகற்றித் திறந்தவெளியில் வெட்டி எடுக்கின்றனர். கனிமம் குறுகிய படிவமாகப் பாறைக்குள் ஆழ்ந்து சென்றால் இம்முறை பயன்படாது. மேலுள்ள பாறையை அகற்றும் செலவு, கிடைக்கும் கனிமத்தின் மதிப்பை விஞ்சிவிடும். அந்நிலையில் நிலத்தடிச் சுரங்கமே ஏற்றது. கர்நாடகத்தின் கோலார் தங்கவயல் இதற்குச் சிறந்த சான்று.

சுரங்கம் உருவாகும் முறை

முதலில் பாறைக்குள் செங்குத்தான குழியை இறக்குவர். ஆட்கள் கூண்டில் இறங்குவதும் தாது மேலேறுவதும் இதன் வழியேதான். குறிப்பிட்ட ஆழந்தோறும் அக்குழியிலிருந்து கிடைமட்டப் பாதைகளைக் குடைந்து தாதுப் படிவத்தை அடைவர். பின்னர், மேல்பாதையையும் கீழ்ப்பாதையையும் இணைத்து, இடைப்பட்ட தாதுவை வெட்டுவர். தூய காற்று உட்புகவும், இடர் நேர்ந்தால் தொழிலாளர் தப்பவும் இரண்டாவது வழி இன்றியமையாதது. பொன் கைக்கு வருமுன்பே இப்பணிகளைச் செய்தாக வேண்டும்.

ஆழம் தரும் இடர்கள்

கோலாரின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமுடையது. அவ்வாழத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் ஏறத்தாழ 8000 டன் பாறை அழுத்துகிறது. நடுவே வெற்றிடம் உண்டானால், அச்சுமை பக்கப் பாறைகளுக்கு மாறும். தாங்கவியலாத பாறை திடீரென வெடித்துச் சிதறும். இதனைத் தடுக்க, வெட்டிய இடங்களில் கருங்கல் அடுக்குகளைத் தாங்கலாக எழுப்பினர். ஆழத்துப் பாறையின் வெப்பத்தைத் தணிக்கக் குளிரூட்டிய காற்றைச் செலுத்தினர். ஆயினும் பாறைவெடிப்பு பல உயிர்களைப் பறித்தது. பாறைத்தூள் பலரின் நுரையீரலை அரித்தது.

உழைப்பின் ஊர்

1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனம் இங்குப் பணியைத் தொடங்கிய பின்னர், வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து தமிழர் பெருந்திரளாகச் சென்று குடியேறினர். 1902ஆம் ஆண்டு சிவசமுத்திரத்திலிருந்து காவிரி நீர்மின்சாரம் இச்சுரங்கங்களுக்கு வந்தது. 1965ஆம் ஆண்டு, விண்ணிலிருந்து வரும் பிற துகள்களைத் தடுக்கும் இப்பாறையின் அடியில், வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோக்களை அறிவியலாளர் கண்டறிந்தனர். ஆழம் கூடுந்தோறும் செலவு உயர்ந்தது. தாதுவில் பொன் குறைந்தது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. ஏறத்தாழ 800 டன் பொன்னைத் தந்த ஊரில், அதைத் தோண்டியவர்களின் வழித்தோன்றல்கள் வேலை தேடி நாள்தோறும் பெங்களூருக்குத் தொடர்வண்டி ஏறுகின்றனர்.

சுரங்கத்தைத் திறக்கும்போதே அது மூடப்படும் நாளையும் எண்ணித் திட்டமிடுதல் வேண்டும். கனிமம் தீர்ந்துபோகும், மக்களோ அங்கேயே வாழ்வர்.

கற்பவை கற்றபின்

புதுச்சேரியின் பாகூர்ப் பகுதியிலும் பழுப்பு நிலக்கரிப் படிவு உள்ளது. அதன்மேல் நெல்வயல்களும் ஏரியும் உள்ளன. அங்குச் சுரங்கம் அமைக்கலாமா? வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.